மாலையில் வந்து போகிறவர்கள்

பிப்ரவரி 9

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. இல்லை என்று எழுதினால் தூங்கப்போவதில்லை. அதனால் இரண்டையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

பதறாதே. திருடர்கள் இல்லை. நிஜ ஆட்களே இல்லை. அது எனக்கே தெரியும், அதனால் நீ உடனே எழுந்து நிற்க வேண்டாம்.

போனில் சொல்லலாம் என்றால் என் குரல் இப்போது உன் காது வரை வந்து சேர்வதில்லை. நான் கத்துவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறேன். நீயோ "என்னக்கா, சத்தமா சொல்லு" என்று அங்கிருந்து கத்துகிறாய். நடுக்க நோய் கையோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். குரலையும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே கடிதம். இதில் நீ குறுக்கே பேசவும் முடியாது.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு மஞ்சள் மாத்திரையைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அது வந்த பிறகு என் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. சட்டைப் பொத்தானை நானே போடுகிறேன். நீச்சல்குளத்தில் என் வகுப்பை மறுபடியும் எடுக்கிறேன். உனக்குத் தெரியும், என் மாணவர்கள் எல்லாம் தலை நரைத்த பயந்தாங்கொள்ளிகள். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற அவர்களுக்கு, தண்ணீரில் மட்டும் நடுங்காத நான் டீச்சர். நல்ல பொருத்தம்.

அந்த மாத்திரையோடு சேர்ந்துதான் இவர்களும் வந்தார்கள். வெளிச்சம் மங்கி, விளக்குப் போடலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கிற நேரம். முதலில் ஒரு நாய் வந்தது. நீளமான சாம்பல் ரோமம். அலமாரிக்கு அடியில் படுத்து என்னையே பார்த்தது. விளக்கைப் போட்டால் அது என் கம்பளிச் சால்வை. இன்னொரு நாள் இரண்டு பெண்கள் சோபாவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு மழைக்கோட்டுக்காரர். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, தரை நனைவதில்லை. அவர் உட்காரவே மாட்டார். தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓரமாக நிற்பார், தவறான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்கிற கூச்சத்தோடு.

யாரும் பேசுவதில்லை. நான் எழுந்து போனால் இருக்கமாட்டார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? வீடு அழகாக இருக்கிறது, அப்போது.

இதை உன் அக்காவின் கடிதமாகப் படி. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படி.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் இரண்டு டயாலிசிஸ் படுக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டு படித்தேன். ஸ்டெதஸ்கோப் கழுத்தில்தான் இருந்தது, மன்னித்துவிடு.

அக்கா, இது விளையாட்டு இல்லை. அவர்கள் தினமும் வருகிறார்களா? எந்த நேரத்தில்? எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்? உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? காய்ச்சல் உண்டா? சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்? கண் பரிசோதனை செய்தாயா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. இது அந்த மஞ்சள் மாத்திரையின் வேலை, எனக்குச் சந்தேகமே இல்லை. பாதியாக்கிவிடு. உன் டாக்டரிடமும் சொல்.

இன்னொன்று. உன் எழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீயே பார். கடைசிப் பத்தியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத்தான் படித்தேன். இந்த நிலையில் தண்ணீரில் இறங்குவது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே இந்த நோயில் கைகால்கள் திடீரென்று மறந்து போகும். வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு.

இங்கே எனக்கும் ஒரு தலைவலி இருக்கிறது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார். "தண்ணி குடிச்சீங்களா?" என்றால், "ஐயோ, நாக்கைக்கூட நனைக்கல டாக்டர்" என்கிறார். எடைக்கருவி பொய் சொல்லுமா? நேற்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன்.

நீயாவது பொய் சொல்லாமல் இரு.

உன்,
தம்பி

*

மார்ச் 6

அன்புத் தம்பி,

கடிதம் வந்தது. கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான் குறை. அது இருந்திருந்தால் மருந்துக்கடையில் நீட்டியிருப்பேன்.

கேள்விகளுக்குப் பதில். காய்ச்சல் இல்லை. எரிச்சல் இல்லை, உன் கடிதத்தைப் படித்தபோது வந்ததைத் தவிர. கண்ணைக் காட்டிவிட்டேன். அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் உனக்குத்தான் முதலில் சொல்வேன்.

என் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு நான் பூனை டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன், நடந்தால் சத்தமே வராது. உன்னைவிட ரொம்பச் சின்னவள். நான் சொல்லி முடிக்கிற வரை பேனாவைத் தொடவில்லை. பிறகு கேட்டாள்: "அவங்களப் பாத்தா உங்களுக்கு பயமா இருக்கா டீச்சர்?"

"இல்லம்மா. டீ போட்டுக் குடுக்கலாமான்னுதான் தோணுது."

"நிஜமில்லன்னு அப்பவே தெரியுதா? இல்ல, அப்புறமா யோசிச்சா தெரியுதா?"

"அப்பவே தெரியுது."

சிறுநீர், ரத்தம் எல்லாம் பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுச் சொன்னாள். மாத்திரையைக் குறைத்தால் இவர்கள் போய்விடுவார்கள், ஆனால் உடம்பு இறுகும். குறைக்காவிட்டால் உடம்பு இளகும், இவர்கள் இருப்பார்கள். இன்றைக்கு அவசரமில்லை, பயமோ குழப்பமோ வந்தால் அன்றைக்கே போன் பண்ணுங்கள், மே மாதம் வரும்போது சேர்ந்து முடிவு செய்வோம் என்றாள்.

சேர்ந்து என்று சொன்னாள், சுண்டு. அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

குளத்தைப் பற்றி. நீ அதைப் பார்த்ததில்லை. மேலே கண்ணாடிக் கூரை. சாயங்காலம் கடைசி வெளிச்சம் அதில் இறங்கி, தண்ணீருக்குள் போய், அடித்தரையில் வலை வலையாக ஆடும். வெதுவெதுப்பான ஆவி எழுந்து நிற்கும். அதற்குள் என் மாணவர்களின் தலைகள் மட்டும் தெரியும், மேகத்தில் மிதக்கிற மாதிரி. அதில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். கோர்ட்டில் அவர் குரல் கேட்டால் எதிர்த்தரப்புக்கு வியர்க்குமாம். இங்கே ஓரக் கம்பியை விடவே மாட்டார். "டீச்சர், கம்பியோட சேத்து நீந்தக் கத்துக்குடுங்க" என்கிறார். நான் அந்த ஆவிக்குள் இறங்கினால் கையின் நடுக்கத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. நான் எந்த உடம்பில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது.

இதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று நீ ஒரு வரியில் எழுதியிருக்கிறாய்.

பஸ்காரரைத் திட்டாதே. பாவம்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 18

அக்கா,

உன் பூனை டாக்டர் நல்லவளாக இருக்கலாம். நல்லவளாக இருப்பது மட்டும் வைத்தியம் ஆகாது. காத்திருப்போம், பார்ப்போம் என்பதெல்லாம் ஒன்றும் ஆகாதவரை நன்றாகத்தான் இருக்கும். எங்கள் வார்டில் ஒருவர், மருந்தின் மயக்கத்தில், வராந்தாவின் அந்தப் பக்கம் தோட்டம் இருப்பதாக நினைத்துக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி நடந்தார். மூன்றாவது மாடி. இன்றைக்கு டீ கொடுக்கத் தோன்றுகிறவர்களோடு நாளைக்கு நீ மாடிப்படியில் இறங்கிப் போகமாட்டாய் என்று யார் சொல்வது?

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தி. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சாயங்காலமும் அங்கே இப்போது மணி என்ன, யார் வந்து நிற்கிறார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் நோயாளிகள் பேசும்போது பாதி காதில் விழுவதில்லை.

எனக்காக. அந்த மஞ்சள் மாத்திரையைப் பாதியாக்கு. அவள் என்ன சொன்னாலும் சரி. தம்பி கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

பஸ்காரர் போன முறை வரவில்லை. போன் அடித்தால் மனைவி எடுத்து, வெளியே போயிருக்கிறார் என்றார். பின்னால் அவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

உன்,
தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நீ சொன்னபடி பாதியாக்கிவிட்டேன். பூனை டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் உன்னை என்ன நினைப்பாளோ என்று ஒரு கூச்சம்.

அவர்கள் போய்விட்டார்கள். முதலில் பெண்கள், பிறகு மழைக்கோட்டுக்காரர். நாய் மட்டும் சில நாள் வால் தெரிகிற மாதிரி, தெரியாத மாதிரி இருந்தது. இப்போது சால்வை சால்வையாகவே இருக்கிறது. உனக்குச் சந்தோஷம்தானே?

சாயங்காலம் விளக்கைச் சீக்கிரமே போட்டுவிடுகிறேன். பொத்தான் சட்டைகளை மடித்து வைத்துவிட்டேன், தலைவழியாக மாட்டுகிற உடுப்புதான் இப்போது. வாசற்படி வரும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. யாரோ "போ" என்று சொல்ல வேண்டும் போல நிற்கிறேன்.

எழுத்து சின்னதாக இருக்கும். ஜன்னல் பக்கம் போய்ப் படி.

அக்கா

*

மே 2

அன்புத் தம்பி,

இதைப் பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உயிரோடு, சௌகரியமாக, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இனி மெதுவாகப் படி.

போன மாத நடுவில் குளத்தில் ஒரு சம்பவம். வகுப்பு முடிகிற நேரம். எல்லாரும் ஓரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். மிதப்பது எப்படி என்று கடைசியாக ஒரு முறை காட்டுகிறேன் என்று நடுக்குளத்துக்குப் போனேன். மல்லாந்து படுத்தேன். கூரைக் கண்ணாடியில் மேகம் போய்க்கொண்டிருந்தது. எழுந்து நிற்கலாம் என்று நினைத்தேன். நினைப்பு மட்டும் எழுந்தது. கை வரவில்லை. கால் வரவில்லை. யாரோ என் உடம்பைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன மாதிரி.

பிறகு கூரை மெல்ல மெல்ல ஆடத் தொடங்கியது. மேலே போகிறது என்று நினைத்தேன். நான்தான் கீழே போய்க்கொண்டிருந்தேன்.

பயம் இல்லை, சுண்டு. உன்னிடம் எதற்குப் பொய். அந்த வலை வலையான வெளிச்சத்துக்குள் நானே போய்விட்டேன். சத்தமெல்லாம் தூரத்து அறையில் யாரோ பேசுவது போல. அந்த மழைக்கோட்டுக்காரர் இங்கே இருந்தால் கோட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. சிரிப்பு வந்திருக்கும், வாயைத் திறக்க முடிந்திருந்தால்.

அப்போது தண்ணீரே இரண்டாகப் பிளந்தது. பெரிய உருவம் ஒன்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையையும் காலையும் கண்டபடி அடித்துக்கொண்டு என் மேல் வந்து விழுந்தது. வக்கீலம்மா. கம்பியை விட்டுவிட்டார். நீந்தத் தெரியாது, ஆழம் தெரியாது. என் முடியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து முழுகியிருப்போம். குளத்துக் காவலாளி நீளக் கழியை நீட்டிக்கொண்டே ஓடி வர, வக்கீலம்மா ஒரு கையில் கழி, ஒரு கையில் என் முடியோடு கரைக்கு வந்தார். வந்ததும் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே! "அறிவிருக்கா உங்களுக்கு? எனக்கு நீச்சலே தெரியாது!" என்று கத்திக்கொண்டே அழுதார்.

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, சில நாள் வைத்திருந்தார்கள். பூனை டாக்டர் வந்தாள். என் கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"மாத்திரையக் குறைச்சீங்களா?"

"ஆமாம்மா."

"யாரு குறைக்கச் சொன்னது?"

"என் தம்பி. டாக்டர்தான்."

"எதுக்கு டாக்டர்?"

"கிட்னிக்கு."

அவள் என் கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. பிறகு, "என்கிட்ட ஏன் சொல்லல டீச்சர்? சொல்லியிருந்தா கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கலாம், குளத்த அந்த நாளுல நிறுத்தி வெச்சிருக்கலாம்" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் நான் அழுதிருக்கமாட்டேன்.

மறுநாள் கோப்பு எதுவும் இல்லாமல் வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது போற நோயில்ல. உங்களுக்கும் தெரியும். என்னால எல்லாத்தையும் காப்பாத்திக் குடுக்க முடியாது. ஆனா எது போகவே கூடாதுன்னு நீங்க சொன்னா, அதச் சுத்தி மருந்தப் போட்டுப் பாக்கலாம்."

இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. தண்ணீர் என்றேன். அந்த விருந்தாளிகள் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவள் யோசித்தாள். பழையபடி முழு மாத்திரை வேண்டாம், நடுவில் ஓர் அளவு. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் மட்டும் குளம், மார்பளவுத் தண்ணீர், கை எட்டுகிற தூரத்தில் ஓர் ஆள். நடுக்குளம் இனி இல்லை. அந்த "இனி இல்லை"யைச் சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. பயத்தில் செய்தாய். ஆனால் ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாமல் கேள். இனி நீ எனக்கு டாக்டராக இருக்க வேண்டாம். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது. தம்பி வேலைக்குத்தான் ரொம்ப நாளாக யாரும் இல்லை.

அன்புடன்,
அக்கா

*

மே 30

அன்புள்ள அக்கா,

எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் மன்னிப்பு மட்டும் இருந்தது. இன்னொன்றில், நடந்ததற்கு மருத்துவ விளக்கம் இருந்தது. அதைப் படித்துப் பார்த்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

நீ தண்ணீருக்குள் போன நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமில்லை. யாரையாவது திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

பஸ்காரரைப் பற்றி எழுதுகிறேன், இது உனக்காகத்தான். மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாள் நான் அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவருக்குப் பயம் வந்துவிட்டது. "என்ன டாக்டர், நான் போயிடுவேனா?" என்றார். டாக்டர் உட்கார்ந்தால் கெட்ட செய்தி என்று என் வார்டில் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள், அக்கா. அந்த அளவுக்கு நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

"இல்ல. தாகம் எப்படி இருக்கும்னு சொல்லுங்க. எனக்குத் தெரியாது" என்றேன்.

என்னையும் ஸ்டூலையும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். குழாய்ச் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருப்பது மறந்துபோகுமாம். கனவில் பஸ் ஓட்டிக்கொண்டு போவாராம், ரோடு முழுக்க ஆறாக ஓடுமாம், பயணிகள் எல்லாரும் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அள்ளிக் குடிப்பார்களாம். இவர் மட்டும் ஸ்டியரிங்கை விட முடியாமல் ஓட்டிக்கொண்டே இருப்பாராம். "ஒரு நாள் விட்டுட்டேன் டாக்டர். இறங்கி, குனிஞ்சு, வயிறு நிறையக் குடிச்சேன். கனவுல குடிச்சா கணக்குல சேருமா?"

இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்தார். பிறகு, வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். எல்லாவற்றிலும் உப்பு. தாகத்தைக் கொடுத்ததே அந்த உப்புதான். நான் தண்ணீரை மட்டும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மனைவியையும் வைத்துக்கொண்டு பேசினோம். வாயில் போட்டுக்கொள்ளச் சின்ன ஐஸ் துண்டு. எது முடியும், எது முடியாது என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு முறை அதிகமாகக் குடித்துவிட்டு வந்தார். வாசலிலேயே, "டாக்டர், நேத்து முடியல, குடிச்சிட்டேன்" என்றார். எனக்கு அது போதும்.

நீ இதைத்தான் பிப்ரவரியில் கேட்டாய். நான் உன் எழுத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி தம்பி கேட்கிறேன். மழைக்கோட்டுக்காரர் வந்தாரா? அவருடைய கோட்டு என்ன நிறம்? அந்தப் பெண்கள் இரண்டு பேரும் சண்டை போட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்களா, சினேகிதிகள் மாதிரியா? நாய்க்கு நீ பெயர் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். சொல்.

ஆகஸ்டில் லீவு கேட்டிருக்கிறேன். வரட்டுமா?

உன்,
தம்பி

*

ஜூன் 17

அன்புத் தம்பி சுண்டு,

கோட்டு கரும்பச்சை. பெண்கள் சண்டை போட்டுச் சமாதானமாகி, ஆனாலும் யார் முதலில் பேசுவது என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நாய்க்குப் பெயர் வைத்தேன். வக்கீலம்மாவின் பெயர். அவருக்குச் சொல்லிவிடாதே.

தினமும் வருவதில்லை இப்போது. வந்தாலும் ஓரமாக, கொஞ்சம் வெளிறிப்போய். பூனை டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறேன். அவளும் குடும்பத்தாரை விசாரிப்பது போல விசாரிக்கிறாள்.

குளத்தில் மார்பளவுத் தண்ணீரில் நின்று பாடம் எடுக்கிறேன். கை எட்டுகிற தூரத்தில் வக்கீலம்மா. அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மறுக்கிறார். போன வாரம் என்னைக் காவல் காக்கிற மும்முரத்தில், கம்பியைப் பிடிக்காமலே ரொம்ப நேரம் மிதந்துகொண்டிருந்தார். நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது, தெரிந்ததும் முழுகினார்.

நடுக்குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது.

வரட்டுமா என்று கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? வா.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. வீடு இரண்டு நாள் உன் சோப்பு வாசனையோடு இருந்தது.

நீ இங்கே இருந்தபோது சொல்லாத இரண்டு விஷயங்களை எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

ஒன்று. பூனை டாக்டரைப் பார்க்கப் போனோமே, அன்று வெளியே பெஞ்சில் எல்லாரோடும் நெருக்கி உட்கார்ந்து காத்திருந்தாய். முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தாய். காத்திருந்து பழக்கமில்லாத ஆள். உள்ளே போனதும் அவள், "நீங்க?" என்றாள். நீ டாக்டர் என்று சொல்வாய் என்று நினைத்தேன். "நான் இவங்க தம்பி" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். பிறகு, வாசற்படியில் என் கால் ஒட்டிக்கொண்டால் நீ எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவளிடம் கேட்டாய். அவள் எழுந்து வந்து காட்டினாள். நீங்கள் இரண்டு டாக்டர்களும் அந்தச் சின்ன அறையில் என்னை நடுவில் வைத்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டித் தாண்டிப் பழகினீர்களே, அப்போது எனக்குத் திரும்பி வீட்டுக்கு வரவே மனமில்லை.

அவள் சொன்னதை நீயும் கேட்டாய். வருஷங்கள் போகப் போக இந்த விருந்தாளிகள் அதிகமாகலாம். நிஜம் எது, நிஜமில்லாதது எது என்று எனக்கே தெரியாத ஒரு நாள் வரலாம். நீ ஜன்னல் பக்கம் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

இரண்டாவது விஷயம் அதைப் பற்றித்தான்.

நீ கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம். மழை வரும் போல இருட்டிக்கொண்டு வந்தது. நான் சமையலறையில் டீ போட்டுவிட்டு வந்தேன். நீ சாய்வு நாற்காலியில், வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாய். கண்ணாடி மூக்கின் நுனியில். அறையில் பாதி வெளிச்சம்.

அவர்கள் வந்திருந்தார்கள், சுண்டு. எல்லாரும். பெண்கள் இருவரும் சோபாவில் உன்னைப் பார்த்தபடி. நாய் உன் காலடியில். மழைக்கோட்டுக்காரர் உன் நாற்காலிக்குப் பின்னால், தொப்பியோடு. நீயும் அவர்களும் ஒரே மாதிரி இருந்தீர்கள். அதே மங்கல், அதே அமைதி. நான் தட்டை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். யார் வந்தவர், யார் வராதவர் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை நீ வரவே இல்லையோ? இந்த நாலு வாரமும் என் மாத்திரை செய்த வேலையோ? முதல் முறையாக எனக்குப் பயம் வந்தது.

டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து, குனிந்து, உன் காலைத் தொட்டேன். சூடாக இருந்தது. குதிகாலில் அந்தப் பித்தவெடிப்பு. அப்பாவுக்கு இருந்தது போலவே. நீ தூக்கத்தில், "விடுக்கா, கூசுது" என்றாய்.

அதற்குப் பிறகு பயமில்லை. அவர்களைப் பார்த்து, "இவன் என் தம்பி. ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கான், தூங்கட்டும்" என்றேன். என் குரல் இப்போதெல்லாம் யாருக்கும் கேட்பதில்லை என்கிறாயே, அவர்களுக்குக் கேட்டது. பெண்கள் முதலில் எழுந்தார்கள். மழைக்கோட்டுக்காரர் கடைசியாக, சத்தமில்லாமல், சுவர் ஓரமாகவே போனார்.

டீ ஆறிப்போய்விட்டது. உன்னை எழுப்ப மனம் வரவில்லை. நானே இரண்டு கோப்பையையும் குடித்தேன்.

அன்புடன்,
அக்கா